கிழக்கே திரும்பி நின்ற விமானம்

நேற்று என் மருமகன் புதுக் கார் எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏற்றி, எல்லாம் முடிந்த பிறகு நான் என் வழக்கப்படி பானெட்டைத் திறக்கச் சொன்னேன். எஞ்சினுக்குப் பக்கத்தில் பேட்டரி ஒரு கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தடித்த துணி, நான்கு பக்கமும் கச்சிதமாகத் தைத்தது, தலை மட்டும் வெளியே. "இது எதுக்குங்க மாப்பிள்ளை?" என்றேன். "எஞ்சின் சூடு பேட்டரிக்கு ஏறாம இருக்கறதுக்குங்க மாமா. கம்பெனியிலயே போட்டுக் குடுத்துடறாங்க" என்றார் பெருமையாக.

நான் சிரித்த சிரிப்பில், ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி பயந்துபோனாள். மருமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. தன் காரைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். அவருக்கு எப்படி விளக்குவது? சட்டை போட்ட பேட்டரியை நாம் இரண்டு பேரும் அந்தக் காலத்திலேயே பார்த்தாயிற்று. அதுவும் விமானத்தில். இதை வேறு யாரிடம் சொன்னாலும் பாதிக்கு மேல் புரியாது. அதனால்தான் நீ படிக்கமாட்டாய் என்று தெரிந்தும் உனக்கே எழுதுகிறேன்.

அது எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூரை ஒட்டிய நல்லேப்பிள்ளிப் பக்கத்து வயல்களில் கதிர் வாங்கும் நேரம் பார்த்துப் புகையான் பூச்சி விழுந்திருந்தது. பச்சையாக நின்ற பயிர் திட்டுத் திட்டாகக் கருகிக்கொண்டு வந்தது. கையால் மருந்தடித்து மாளவில்லை. சர்க்கார் ஒரு கம்பெனியைப் பிடித்து, மருந்து தெளிக்கிற சின்ன விமானம் ஒன்றை வரவழைத்தது. ஊருக்கு வெளியே பனைமர வரிசைக்கு அப்பால் கிடந்த கெட்டித் தரிசை மட்டம் பண்ணி, அதுதான் ஓடுதளம் என்றார்கள். விமானம் வருகிறது என்றதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அங்கே திரண்டுவிட்டன. நிலக்கடலை விற்பவர், பலூன் விற்பவர், எல்லாரும் கடை விரித்தார்கள். பூச்சியை மறந்தே போனோம்.

விமானம் வந்த அதே நாளில்தான் நீயும் வந்தாய், பஸ்ஸில். அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு. அந்த விமானத்தில் ஒரே ஒரு இருக்கை. அது ஓட்டுகிற கேப்டனுக்கு. விமான மெக்கானிக்கான நீ சித்தூரில் பஸ் இறங்கி, ஒரு கையில் இரும்புப் பெட்டியும் இன்னொரு கையில் தேயிலைப் பொட்டலமுமாக என் கடை வாசலில் நின்று வழி கேட்டாய். நான் அப்போது சித்தூர்க் கடைத்தெருவில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தேன். லாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள், கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிறவர்கள், இவர்கள்தான் என் வாடிக்கை. "ஏனுங்க, பிளேன் மெக்கானிக்குங்களா? அப்புறம் பஸ்ஸுல வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். நீ பெட்டியைக் கீழே வைத்து, "யானைப் பாகன் எல்லாம் யானை மேலயா வே வீட்டுக்குப் போறான்?" என்றாய். அந்த 'வே' எனக்குச் சுருக்கென்று பட்டது. நாங்கள் கைக்குழந்தையைக்கூட 'ங்க' போட்டு அழைக்கிற ஆட்கள். நீயோ குமுளிக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து மலையேறியபோது கொண்டுவந்த பேச்சை தொழிலாளர் லயத்து வீடுகளில் பத்திரமாக வைத்திருந்தவன். நான் 'ங்க' போட்டால், கேலி செய்கிறேன் என்று நீ நினைத்தாய். நீ 'வே' என்றால், சண்டைக்கு வருகிறாய் என்று நான் நினைத்தேன். இரண்டு டீ குடிப்பதற்குள் அது சரியாகிவிட்டது. நிலக்காரர் மகன் என்று தெரிந்ததும் பேட்டரிக் கடைக்காரனான என்னைப் 'பண்ணையார்' ஆக்கிவிட்டாய்.

உன் எஸ்டேட்டில் டீ ஃபேக்டரி மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த நீ, மெட்ராஸுக்குப் போய்ப் படித்து, பல வருஷம் பெரிய மெக்கானிக்குகளுக்குக் கீழே இருந்து, முதல் தடவையாக ஒரு விமானத்தைத் தனியாக உன் பொறுப்பில் வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். "இது நல்லபடியா முடிஞ்சா நான் மெக்கானிக். முடியலன்னா திரும்ப ஃபேக்டரிதான், தேயிலைத் தூசிதான்" என்று முதல் நாளே சொன்னாய். உன் அப்பா பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பூசை வைத்து அனுப்பியிருந்தார். எஸ்டேட் முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சாம். அப்படிப்பட்ட வேலை அது உனக்கு.

முதல் நாள் எல்லாம் அருமையாகப் போயிற்று. எங்கள் மார்கழிக் காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டாய். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து புறப்பட்டு, பனையோலைகளைப் பேயாட்டம் ஆட்டிக்கொண்டு வருகிற வறட்டுக் காற்று. விமானம் அந்தக் காற்றுக்கு எதிராகக் கிழக்கே பார்த்து இறங்கி, கிழக்கே பார்த்தே நின்று, ஆட்கள் கைப்பம்பால் மருந்தை ஏற்றி முடித்ததும் மறுபடி கிளம்பிப் போயிற்று. ஊரே கைதட்டியது.

ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கைதட்டவில்லை. ஓடுதளத்தின் மேற்குக் கோடியில், ரோட்டை ஒட்டி, நிலக்காரர்களுக்கென்று தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். என் அப்பா நடு நாற்காலியில், தோளில் துண்டோடு. அவர்கள் தங்கள் பயிரைக் காப்பாற்ற வந்த விமானத்துக்கு மாலை, சந்தனம், கற்பூரம் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்க, அது ஒவ்வொரு தடவையும் வந்து அவர்களுக்கு வாலைக் காட்டியே நின்றது. சாயங்காலம் அப்பா வேளாண்மைத் துறைக் கிருஷி ஆபீசரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பெரியவங்க இத்தன பேரு உக்காந்திருக்கறம். அது பொச்சைக் காட்டிக்கிட்டு நின்னா நல்லாவுங்களா இருக்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆபீசர் கேப்டனிடம் சொன்னார். கேப்டன் தலச்சேரிக்காரர், தங்கமான மனிதர். "அதினென்தா, முகம் காட்டாமல்லோ" என்று மலையாளத்தில் சிரித்துக்கொண்டே, முகத்தைக் காட்டிவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். மறுநாளிலிருந்து விமானம் இறங்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி, பந்தலைப் பார்த்து மேற்கே முகம் வைத்து நின்றது. அப்பா எழுந்து போய் அதன் மூக்கில் சந்தனம் தடவினார்.

அதற்கு அடுத்த நாள்தான் சனி பிடித்தது. மருந்து ஏற்றி முடித்து கேப்டன் பட்டனை அழுத்தினால், முன்னால் இருக்கிற விசிறி இரண்டு சுற்றுச் சோம்பலாகச் சுற்றி நின்றுவிட்டது. கையால் விசிறியைத் தள்ளிவிட்டும் கிளப்பலாம். ஆனால் எங்கேயோ ஒருத்தருக்குக் கை போனதைக் கண்ணால் பார்த்தவர் கேப்டன். அவர் விமானத்தில் யாரும் விசிறியைத் தொடக்கூடாது என்பது சட்டம். பேட்டரியை நீ கழற்றிக்கொண்டு, கடன் வாங்கிய சைக்கிளின் பின்னால் கட்டி, வேர்க்க விறுவிறுக்க என் கடைக்கு வந்தாய். மூடியைத் திறந்தேன். தண்ணீர் பாதிக்கு மேல் காணோம். சுடச்சுட ஆசிட் வாசம் மூக்கில் ஏறியது. "ஏனுங்க, இதைய அடுப்புல வெச்சீங்களா?" என்றேன். "அடுப்புப் பக்கத்துலதான் வச்சிருக்கான். எஞ்சின் ரூம்லயே, புகைக்குழாய்க்குப் பக்கத்துல. என்னத்தச் சொல்ல" என்றாய்.

தண்ணீர் ஊற்றி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் மறுபடி அதே கதை. பந்தலில் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் முக்கி முனகிப் படுத்துக்கொண்டது. அன்று நானே உன்னோடு ஓடுதளத்துக்கு வந்தேன். கேப்டனின் கோபம் எனக்கே புரிந்தது. வயல் கருகிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், கம்பெனியிலிருந்து தந்தி மேல் தந்தி. கேலியும் கிண்டலுமாக இருந்தவன், கழற்றியதையே திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாய். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது எனக்கு அந்த மகத்தான யோசனை பிறந்தது. எங்கள் ஊரில் களத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பித்தளைக் குடத்துக்கு ஈரச் சாக்கு சுற்றுவோம். எவ்வளவு வெயிலிலும் சில்லென்று இருக்கும். குடத்துக்குச் சரியானது பேட்டரிக்கும் சரிதானே? "சாக்கை நனைச்சுச் சுத்திப்போடலாமுங்க. அதுக்கு மேல வைக்கோல் பிரி ஒண்ணு. சூடு எங்கிருந்து உள்ள போகும்?" என்றேன். நீ தலையைச் சொறிந்தாய். ஆனால் மூழ்குகிறவன் எதைத்தான் பிடிக்கமாட்டான். உன் முழுச் சம்மதம் இல்லாமலே, நெல்லுச் சாக்கைக் கிழித்து நனைத்து, நான்கு பக்கமும் இறுக்கி, மேலே வைக்கோல் பிரி சுற்றி, பிரசவமான பெண்ணுக்குப் போர்த்துகிற மாதிரி அதை நான் போர்த்திவிட்டேன். மூச்சு விடுகிற மூடிகளையும் சேர்த்துத்தான்.

நடந்ததை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்! விமானம் போய்த் தெளித்துவிட்டு வந்து பந்தல் முன்னால் நின்றது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பந்தலில் ஒருவர், "என்றா, உள்ள இட்லி வேகுதா?" என்றார். நீ ஓடிப்போய்த் திறந்தாய். சாக்கு கொதித்துக்கொண்டிருந்தது. பேட்டரி தன் சூட்டையும் வெளியே விட முடியாமல், எஞ்சின் சூட்டையும் வாங்கிக்கொண்டு, ஓரமெல்லாம் ஆசிட் கக்கிக் கிடந்தது. வைக்கோல் கருகி, வீட்டுப் புறவாசலில் வெந்நீர் அடுப்பு எரிகிற மாதிரி வாசம்.

கேப்டன் இறங்கி வந்தார். வைக்கோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஆராடோ இது கெட்டியது?" என்றார். யார் கட்டியது என்று கேட்ட குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நான் வாயைத் திறந்தேன். உன் செருப்புக்கால் என் பாதத்தின் மேல் ஏறி நின்றது. "நான்தான் சார்" என்றாய்.

கேப்டன் வைக்கோலைக் கீழே போட்டார். "நாளைக்கு ஒரு சான்ஸ். நாளைக்கும் நின்னு போச்சுன்னா, பிளேன் மெட்ராஸுக்கு. நீ வீட்டுக்கு" என்று தமிழிலேயே சொன்னார், உனக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதற்காக.

அவர் போனதும் நான் சண்டை பிடித்தேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க? எனக்கு என்னுங்க ஆயிடும்? கடைக்காரன். திட்டுனாக் கேட்டுட்டுப் போறேன். உங்க வேலைதானுங்களே போவுது!" நீ பாதி கருகிய சாக்கை உதறிக்கொண்டே, "வெளியாளத் தொட விட்டேன்னு தெரிஞ்சா அது இன்னும் பெரிய தப்பு பண்ணையாரே. சும்மா கிட" என்றாய். சரி, அதுவும் கணக்குதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் உன்னை என் வீட்டுக்கு அழைத்துப்போனேன். அம்மா சந்தகையும் கொள்ளுப்பருப்பும் வைத்தாள். நீ சாப்பிடாமல் தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாய். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து, "என்னுங்க தம்பி, அந்த வண்டி நெம்ப நல்ல வண்டியாச்சே. முத நாளு ஒரு இருமல் இல்லாம போச்சு. பொறவு என்னாச்சு?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். உன் கை தட்டில் நின்றது. "முதல் நாள்…" என்று நீயே உனக்குள் சொல்லிக்கொண்டாய். பிறகு தட்டு காலியாவதற்குள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். அம்மாவுக்குச் சந்தோஷம்.

விடிந்ததும் ஓடுதளத்துக்குப் போனோம். கேப்டனிடம் நீ ஒன்று கேட்டுக்கொண்டாய். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஓடி நின்றதும் பேட்டரியைத் தொட்டாய். "இப்ப சுடல, பாரு" என்றாய். நானும் தொட்டேன், வெதுவெதுப்புதான். காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டேன், கையை உதறிக்கொண்டேன். "ஓடும்போது விசிறிக் காத்து உள்ள போயிட்டு இருக்கு. நின்ன பொறவுதான் வே வேகுது" என்றாய். பிறகு என் தோளிலிருந்த துண்டை உருவி எடுத்து, விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று விரித்துப் பிடித்தாய். துண்டு விமானத்தை விட்டுப் பந்தலைப் பார்த்துப் பறந்தது. "காத்து வால் பக்கத்துல இருந்துல்லா வருது! எஞ்சின் சூடு வெளிய போக வழியில்லாம அங்கனயே முட்டிக்கிட்டு நிக்குது. முதல் நாள் இது கிழக்க பாத்துல்லா நின்னுச்சு. கிழக்க பாத்து நின்னா காத்தே மூக்கு வழியாப் போயிச் சூட்டைத் தூக்கிட்டுப் போயிரும். இத எவன் இப்படித் திருப்பி நிறுத்தச் சொன்னது?"

"அப்பாதானுங்க" என்றேன். "பெரியவங்க உக்காந்திருக்கறப்ப முதுகைக் காட்டி நிறுத்த முடியுமுங்களா?"

நீ என்னைப் பார்த்த பார்வை! மலையில் வளர்ந்தவனுக்கு எங்கள் மரியாதை புரியவில்லை. மரியாதையால் ஒரு பேட்டரி வெந்து போகும் என்பது எனக்கும் அதுவரை தெரியாதுதான். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். உனக்கு வேலை போகிற நாளாக இருக்கலாம். ஆனாலும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் வேலை பார்த்தோம். எண்ணெய் டின் தகட்டை வெட்டி, புகைக்குழாய்க்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சுவர் மாதிரி நிறுத்தினாய். பேட்டரியை ஒட்டி அல்ல, ஒரு விரல் இடம் விட்டு. நான் அந்த இடைவெளியில் எதையாவது திணிக்கலாமா என்று கேட்டேன். புத்தி எங்கே போகும்? "மறைப்பு போதும், போர்வை வேண்டாம்" என்றாய். "அந்த இடத்துலதான் காத்து போவணும். நீ மறுபடி சாக்கைக் கொண்டு வந்தா உன்னையே சுத்திக் கட்டிருவேன்." கேப்டன் வந்து தகட்டை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை, சரி என்றார். விமானத்தைக் கிழக்கே திருப்பி நிறுத்த வேண்டும் என்று நீ சொன்னபோது மட்டும் பந்தலைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "அது நீங்க பேசிக்கோ" என்று நழுவிவிட்டார்.

அப்பாவிடம் நான் பேச வேண்டும் என்று ஆயிற்று. எனக்கும் அவருக்கும் அப்போது பேச்சு குறைவு என்பது உனக்குத் தெரியும். வயலை விட்டுவிட்டு ஆசிட் நாற்றத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்று அவருக்கு என் மேல் வருத்தம். அந்தப் பிள்ளை போய், 'விமானம் உங்களுக்கு முதுகைக் காட்டும்' என்று சொல்ல வேண்டும். மென்று விழுங்கிக்கொண்டு நின்றேன். நீ முன்னால் வந்துவிட்டாய். வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் பேச்சை வாயில் வைத்துப் பார்த்தாய். "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்கங்க. அதுக்குக் காய்ச்சலுங்க. காத்து மூஞ்சியில பட்டாத்தான் எறங்குமுங்க. அதுனால அக்கட்டால திரும்பி நிக்கணுமுங்க." எங்கெல்லாம் 'ங்க' வரக்கூடாதோ அங்கெல்லாம் போட்டாய். பந்தலே சிரித்தது.

அப்பா சிரிக்கவில்லை. விமானத்தைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார், காற்றில் படபடத்த கீற்றைப் பார்த்தார். "அது நோவாளி. அதைய எதுக்குத் திருப்பித் தொந்தரவு பண்ணோணும்?" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் எழுந்தார். தன் நாற்காலியைத் தானே தூக்கினார். "அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் நாம போயி உக்காந்துக்கலாமுங்க. வாங்க எல்லாரும்."

அந்த ஊர்வலம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிய நிலக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கிழக்குக் காற்றுக்கு எதிராகக் குனிந்து, ஓடுதளத்தின் ஓரமாக வரிசையாக நடந்தார்கள். பின்னால் நான்கு பேர் பந்தலைக் கால்களோடு பிடுங்கித் தூக்கி வந்தார்கள். கடலைக்காரர் கடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பலூன்காரருடைய பலூன்கள் மட்டும் காற்றோடு மேற்கே போய்விட்டன. கேப்டன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர்கள் கடந்து போகும்வரை நேராக நின்றார். ஓடுதளத்தை விட்டு ஒதுங்கின ஓரத்தில், விமானத்தின் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "இக்கட்டால தூசியும் இல்லீங்க. முன்னமே வந்திருக்கலாம்" என்றார். அதுவரை காற்றோடு வந்த தூசியையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு, மரியாதைக்காகத் துண்டால் துடைத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள் அவர்கள்.

விமானம் போய்த் தெளித்துவிட்டு வந்து இறங்கி, கிழக்கே பார்த்து நின்றது. எஞ்சின் நின்றது. ஆட்கள் கைப்பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு மெதுவாக ஒரு பம்பு அடிப்பதை நான் பார்த்ததில்லை. நீ பேட்டரிப் பக்கம் போகவே இல்லை. தள்ளி நின்று கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாய். நான் கொடுவாயூர் முருகனில் தொடங்கி எங்கள் குலதெய்வம் வரை எல்லாரையும் அழைத்துவிட்டேன். பம்பு நின்றது. கேப்டன் ஏறினார். பட்டனை அழுத்தினார்.

ஒரு இருமல்கூட இல்லை. விசிறி சட்டென்று பிடித்துக்கொண்டு சுற்றியது.

நீ என்னைத் தூக்கிவிட்டாய். என் எடைக்கு அது சாதாரண விஷயமில்லை. பந்தலில் எல்லாரும் எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். அப்பா துண்டைத் தலைக்கு மேல் சுற்றினார். என் அப்பா! அன்று முழுக்க விமானம் ஏறியும் இறங்கியும் நின்றும் கிளம்பியும் வேலை செய்தது. சாயங்காலம் பேட்டரியைத் தொட்டுப் பார்த்த கேப்டன், உன் முதுகில் ஒரு அறை வைத்து, "நீ நம்முடெ ஆளு" என்றார். நீ ஓடிப்போய் என் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாய்.

அதன் பிறகு நீ எங்கெங்கோ போனாய். பம்பாய், கல்கத்தா, வயிற்றுக்குள் நூறு பேரைச் சுமக்கிற பெரிய விமானங்கள். ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஊருக்குப் போகும் வழியில் என் கடையில் இறங்காமல் போனதில்லை. பஸ்ஸில்தான். என் மகள் பிறந்து, நான் அவளை வெயில் படாமல் காற்றுப் படாமல் வளர்த்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி விடுதிக்கு அனுப்பமாட்டேன் என்று நின்றபோது, நீ குமுளியிலிருந்து புறப்பட்டு வந்து அவள் முன்னாலேயே, "பண்ணையாரே, மறுபடி சாக்கைக் கட்டுதீரா?" என்று கேட்டாய். மறுவாரம் அவள் விடுதியில் இருந்தாள். இன்று என் வாசலில் கார் நிற்கிறதென்றால் அதில் உன் பங்கும் இருக்கிறது.

கடையில் யாராவது புது ஆள் சேர்ந்தால் இந்தக் கதையைச் சொல்லித்தான் வேலையை ஆரம்பித்து வைப்பேன். சாக்கு கட்டியது நான், காற்றைப் பிடித்தது நீ, நாற்காலியைத் தூக்கியது அப்பா. என் மகளுக்கும் பேத்திகளுக்கும் அப்படியே மனப்பாடம்.

இந்த வருஷம் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. உன் மகள் எனக்கு ஏலக்காய் தட்டிப் போட்ட, பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுவந்தாள். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இவங்கதான் அந்தப் பாலக்காட்டுத் தாத்தா. பிளேனைத் திருப்பி நிறுத்தணும்னு கண்டுபிடிச்சு, உங்க தாத்தா வேலையக் காப்பாத்திக் குடுத்தவங்க" என்றாள்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "இல்லீங்க கண்ணு. கண்டுபிடிச்சது உங்க அப்பாருங்க. நான் ஈரச் சாக்கைக் கட்டி அந்த வேலைக்கே உலை வெச்சவன்."

அவள் அழுத கண்ணோடு சிரித்தாள். "சாக்கு கட்டுனது அப்பால்லா மாமா. 'எம் புத்தி அவ்வளவுதான், பண்ணையார் இல்லன்னா நான் இன்னும் தேயிலைத் தூசியிலதான் கெடந்திருப்பேன்'னு எத்தன தடவ சொல்லியிருக்காங்க. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் இந்தக் கதைதான்."

நான் மறுத்தேன். உன் மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவரும் தலையை ஆட்டி மகள் பக்கமே பேசினார். கடைசியில் என் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்யப் போனேன். உன் மகள் என் கையைப் பிடித்துத் தடுத்து, "அப்பா பொய் சொல்ல மாட்டாங்க மாமா" என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

கேப்டன் முன்னால் நீ சொன்னது எனக்குப் புரிகிறது. அங்கே கேட்க ஆள் இருந்தது. ஆனால் கேப்டன் போய், கம்பெனி போய், கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத உன் சொந்த வீட்டில், உன் சொந்தப் பிள்ளைகளிடம், வருஷா வருஷம் என் முட்டாள்தனத்தை உன் தலையில் போட்டுக்கொண்டு, உன் மூளையை எனக்குக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாயே, அது எதற்காக? பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கம்பம் இறக்கம் முடிகிறவரை, உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டும்போதே மனசு நிறைந்து வழிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு என்னவோ என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அன்று உன் பேரப்பிள்ளைகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பெரிய மூளைக்காரரைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார்கள். நான் அதற்கு மேல் மறுக்கவில்லை. மறுத்தால் உன்னைப் பொய்யன் என்று சொன்னதாகிவிடும். அந்த வீட்டில் எனக்கு இருக்கிற நல்ல பெயர் என்னுடையதல்ல. ஆனாலும் வைத்துக்கொள்கிறேன். எனக்காக நீ பொய் சொல்லிச் சேர்த்துவைத்தது அது.